சாம்பிராணி போடாத வருஷம்

எண் ஏறிக்கொண்டே இருந்தது.

பனி ஈரம் படிந்து தப்பாகத் தெரிகிறதோ என்று சால்வை நுனியால் திரையின் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் கூடியிருந்தது.

போன வருஷம், ஆயுத பூஜை நாள், காலை நேரம். ஹட்டன் டவுனில் எங்கள் ஆபீஸ் மொட்டைமாடியில் நிற்கிறேன். கீழே பஸ் ஸ்டாண்டில் ஒரே கொண்டாட்டம். பஸ்களின் முகத்தில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் அப்பி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒவ்வொரு டிரைவரும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் பஸ் டிரைவர்தான். அன்றைக்கு அவர் மட்டும் மாலை போடாத பஸ்ஸை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே நுவரெலியாவுக்குப் போய்விட்டார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"அந்தோனி அண்ணே! கொஞ்சம் மேல வாங்களேன்!" என்று படிக்கட்டில் தலையை நீட்டிக் கத்தினேன்.

அந்தோனி அண்ணன் எங்கள் ஆபீஸ் மெக்கானிக். மூச்சிரைக்க ஏறி வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"என்னா தங்கச்சி, பூஜ போடலன்னு மெஷின் கோவிச்சுக்கிச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. அந்த வருஷம் நாங்கள் பூஜை போடவில்லை. பூஜை போடவில்லை என்றால் சாம்பிராணி இல்லை. சாம்பிராணி இல்லை என்றால், எண்ணை ஏற்றுகிற இந்தப் புகை எங்கேயிருந்து வருகிறது?

மாடியில் ஒரு பெட்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வருகிறவர்கள் கோவிக்கவேண்டாம், இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மொட்டைமாடியில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, அதில் கண்ணுக்குத் தெரியாத தூசி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, கொழும்புக்கு அனுப்பும். அதைத் துடைப்பது, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, உள்ளே இருக்கிற வட்டத் தாளை மாற்றுவது என் வேலை. தாள் போகும்போது பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். வரும்போது அடுப்பங்கரைச் சுவர் மாதிரி வரும்.

என் வீட்டுக்காரர் பேர் முத்துக்குமார். அவருக்கு இது பெரிய கேலி. "இன்னிக்கு என் பஸ்ஸு எத்தன மார்க்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் சாப்பிட உட்காருவார்.

"ஒங்க பஸ்ஸு ஃபெயிலு. மொதல்ல அந்தச் சைலன்சர மாத்துங்க" என்பேன்.

கொழும்பில் எங்கள் எண்களைப் பார்க்கிறவர் குமுதுனி மேடம். நல்ல மனுஷி. பெட்டியைப் பொருத்த வந்த நாளில் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நான் போட்ட தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி சிங்களத்தில் எனக்குப் புரியவைத்தார். ஒரு நாள் தூசியைப் பார்த்து எதுவும் சொல்லமுடியாது. மழை பெய்தால் குறையும், காற்று நின்றால் கூடும். ஒரே இடத்தில், ஒரே விதமாக, வருஷக்கணக்காக அளந்தால்தான் இந்த டவுன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அதனால் பெட்டியை ஓர் அடி கூட நகர்த்தக்கூடாது. பக்கத்தில் யாராவது அடுப்பு மூட்டினால், குப்பை எரித்தால், உடனே சொல்லவேண்டும். அது டவுன் காற்று இல்லை, நம் வாசல் காற்று. அந்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

நான் றொசல்ல பக்கத்துத் தோட்டத்து லயத்தில், ஒட்டு வரிசை வீட்டில், பிறந்தவள். ஒரே காம்பராவுக்குள் விறகு அடுப்பு, அதே காம்பராவுக்குள் படுக்கை. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அதுதான் மனுஷ மூக்கின் நிறம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பேர்ப்பட்டவளைக் கூப்பிட்டுக் காற்றை அளக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பொட்டு வைத்த மெஷின்

பெட்டி வந்த முதல் வருஷம் ஆயுத பூஜை வந்தது. டவுன் முழுக்கக் கராஜில் ஸ்பேனருக்குப் பொட்டு, தையல் கடையில் மெஷினுக்குப் பொட்டு, தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலருக்குப் பொட்டு. எங்கள் ஆயுதம் எது? மாடியில் இருக்கிற பெட்டிதானே. நான் குங்குமமும் சந்தனமும் வைத்தேன். அந்தோனி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர். ஆனால் சிரட்டைத் தணலை ஊதிப் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று காட்டினார். குழாய் பக்கம் மட்டும் நாலாவது சுற்று.

"நல்லா இழுத்துக்கடா ராசா, வருஷத்துக்கு ஒரு நாள்தான் நல்ல காத்து" என்றார்.

பெட்டி இழுத்தது. எண் எங்கேயோ போய் நின்றது. கொழும்பிலிருந்து போன் வந்தது. "அனே ரஞ்சிதம், ஹட்டனில் என்ன, ஏதாவது தீப்பிடித்துவிட்டதா?" என்று மேடம் பதறினார். நான் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னேன். மேடம் ரொம்ப நேரம் சிரித்தார். பூஜையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அந்த நாளையும், முன்னே பின்னே ஒரு நாளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் பூஜை வரும், நாங்கள் சாம்பிராணி காட்டுவோம், எண் ஏறும், மேடம் அந்த நாட்களை அழிப்பார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவேண்டியதில்லை.

போன வருஷம் பூஜைக்குச் சில நாள் முன்னால் என் வீட்டுக்காரரின் சித்தப்பா தவறிப்போனார். பங்காளி வீட்டுச் சாவு, எங்களுக்கும் தீட்டு. வீட்டில் விளக்கு ஏற்றக்கூடாது, பலகாரம் செய்யக்கூடாது, பூஜைப் பக்கம் போகக்கூடாது. அதனால்தான் அவர் மாலை போடாத பஸ்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தோனி அண்ணனிடம், நீங்கள் மட்டும் தூபம் காட்டுங்கள் என்றேன்.

"நீங்க பொட்டு வைக்காம நான் மட்டும் பொகையக் காட்டுறதா? நல்லாருக்கு! அடுத்த வருஷம் பாத்துக்குவோம்" என்று தூபக்காலைப் பரணில் போட்டுவிட்டார்.

கொழும்புக்கு இதைச் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சாம்பிராணி போட்டால்தானே சொல்வோம்!

பனியா, புகையா

"அண்ணே, நேத்து சாயங்காலத்துல இருந்தே ஏறியிருக்கு. இங்க பாருங்க" என்று திரையைத் தள்ளிக் காட்டினேன்.

அவர் சிரிப்பு நின்றது. கைப்பிடிச் சுவரோரம் போய் நான்கு பக்கமும் எட்டிப் பார்த்தார். பார்த்து என்ன செய்ய? எங்கும் வெள்ளை. இந்த மலைக்குப் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன், பனி இறங்கின காலையில் பத்தடிக்கு அப்பால் இருக்கிற கோபுரமும் தெரியாது. புகையும் அதே வெள்ளைதான். இரண்டும் கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்கமுடியாது. மூக்கைத்தான் நம்பவேண்டும்.

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். நாக்கின் அடியில் ஒரு கசப்பு. ரப்பர் பொசுங்கின வாடை, லேசாக.

"டயரு" என்றார் அந்தோனி அண்ணன்.

பெட்டி இருப்பது மூன்றாம் மாடியின் உச்சியில். காற்று அடிக்கிற இடம். நாங்கள் இப்போது குடியிருக்கிற தோட்டமோ டவுனுக்குக் கீழே, பள்ளத்தாக்கில். காற்று அசையாத காலையில் பனி அங்கேதான் போய்த் தேங்கும். மேலேயே இவ்வளவு என்றால், கீழே?

கீழே லயத்தில் என் மகள் தாரணி இருந்தாள். ஒன்பது வயது. அவளுக்கு மூச்சிழுப்பு.

செல்விக்குப் போன் போட்டேன். செல்வி என் நாத்தனார், நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள். மணியே அடிக்கவில்லை. மறுபடி போட்டேன். சிக்னல் இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் சொன்னாள். எங்கள் லயத்தில் போன் பேசவேண்டும் என்றால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை மேட்டுக்கு ஏறி வரவேண்டும், அது எனக்குத் தெரியாததா? இருந்தாலும் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே மறுபடி மறுபடி போட்டேன்.

"போங்க தங்கச்சி, நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்" என்றார் அண்ணன். அதற்குள் நான் பாதிப் படி இறங்கியிருந்தேன்.

கீழே

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. குறுக்குப் பாதையில், தேயிலைக்கு நடுவே, கையில் செருப்போடு இறங்கினேன். வழக்கமாக இறங்க இறங்கப் பனி விலகும், லயத்துத் தகரம் தெரியும். அன்றைக்கு இறங்க இறங்கக் கனத்தது. கண் எரிந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் சால்வையை மூக்கில் கட்டிக்கொண்டு எதிரே வந்தார்கள்.

"என்னா ரஞ்சி, இன்னிக்குப் பனி காரமா இருக்கு" என்றாள் ஒருத்தி. பனிக்குக் காரம் உண்டா என்று நின்று கேட்க எனக்கு நேரமில்லை.

எங்கள் காம்பரா வாசலில், இஸ்தோப்புத் திண்ணைப் பலகையில் தாரணி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, தோளைத் தூக்கித் தூக்கி. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. வீட்டில் இழுப்புக்காரப் பிள்ளையை வைத்திருக்கிறவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லவேண்டாம். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மருந்து பம்ப்ப அடிச்சேன் அண்ணி, அடிச்சேன். கேக்கல. போன் போட மேட்டுக்குப் போகலாம்னா, இவள விட்டுட்டு எப்படிப் போவேன்?"

தாரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பயந்து கத்தினால் பிள்ளைக்கு இன்னும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பக்கத்து லயத்து மணியத்தின் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பள்ளத்தைத் தாண்டி

ஆஸ்பத்திரிக்குப் போக டவுன் பக்கமாக மேலே ஏறவேண்டும். ஏறுகிற வழியில், ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு பள்ளம். டவுனில் வேண்டாததெல்லாம் போய் விழுகிற இடம். யார் கொட்டுகிறார்கள் என்று கேட்டால், யார் கொட்டவில்லை என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டும்.

வளைவு திரும்பியதும் மணியம் பிரேக் போட்டார். எதிரே ரோடு இல்லை. சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு சுவர்.

"அக்கா, ஒண்ணுமே தெரியல" என்றார்.

"நிக்காதீங்க! லைட்டப் போட்டுட்டுப் போங்க! நிக்காதீங்க!"

ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இழுத்துப் பிடித்தோம். அதற்குள்ளும் வந்தது. தண்ணீர் போத்தலைக் கவிழ்த்துச் சால்வையை நனைத்து தாரணியின் மூக்கில் வைத்தேன். அவள் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, என் கையைத் தள்ளினாள். "மூடாத… ம்மா… மூடாத…" மூடினால் மூச்சு முட்டுகிறது, எடுத்தால் புகை போகிறது. வைப்பதா, எடுப்பதா என்று தெரியாமல் வைத்து எடுத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதே, இந்த வளைவிலேயே, என் கைக்குள்ளேயே போய்விடுமோ என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

புகை ஓரிடத்தில் கொஞ்சம் கிழிந்தது. பள்ளம் தெரிந்தது. டயர்கள், எண்ணெய்த் துணி, கிழிந்த பஸ் சீட், பிளாஸ்டிக் நாற்காலி, கடை போர்டு, முந்தின வருஷத்து ஜிகினா மாலை. எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து டவுனில் ஒவ்வொருவரும் பூஜைக்காகக் கூட்டிப் பெருக்கி ஒதுக்கிய சாமான். ஆயுத பூஜைக்கு இடம் சுத்தமாக இருக்கவேண்டாமா? எங்கள் ஆபீஸில் கால் உடைந்து கிடந்த நீல நாற்காலியும் அதில் இருந்தது, நானே கண்டேன்.

மேலே விளக்குமாறும் கையுமாக நாலைந்து பேர் சந்தோஷமாக நின்றார்கள். நடுவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கராஜ்காரர் ராமர். நெற்றி நிறைய விபூதி. ஆட்டோவுக்குள் என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார்.

"அக்கா, பத்தரைக்குப் பூஜ! கடல இருக்கு, வந்துட்டுப் போங்க!"

நர்ஸ் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்து ஆவி கொடுத்தார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை, ஊசி, மறுபடி ஆவி. மத்தியானம் தாண்டித்தான் கழுத்துக் குழி ஆடாமல் நின்றது. "அம்மா, பசிக்குது" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறீர்கள், பிள்ளைக்குத்தான் நல்லாயிருச்சே என்று செல்வி அதட்டினாள்.

அப்போதுதான் வார்டைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் எங்கள் லயத்து துர்க்கா. அதற்கு அடுத்ததில் மேல் பிரிவுத் தோட்டத்துப் பையன். ஜன்னலோரம் ஒரு கைக்குழந்தை. எல்லார் முகத்திலும் அதே முகமூடி.

ஆவி மெஷினை எடுக்க வந்த சிங்கள நர்ஸ் என்னைப் பார்த்து, "போன வருஷமும் இந்த மகளோடு இதே நாள் வந்தீர்கள் இல்லையா?" என்று கேட்டார். "அதற்கு முந்தின வருஷமும் வந்தோம் மிஸ்" என்றேன்.

"இந்தப் பூஜை நாளில் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். இனிப்பைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று பிரியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். பூஜை முடிந்தால் தாரணிக்கு இழுக்கும், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் தலைக்கு ஊற்றியதால் என்பார் என் வீட்டுக்காரர். ஆறின சர்க்கரைப் பொங்கலைத் தின்றதால் என்பாள் செல்வி. ஒரு வருஷம் தலைக்கு ஊற்றாமல் பார்த்தோம், ஒரு வருஷம் பொங்கலை நிறுத்திப் பார்த்தோம், பிள்ளை அழுததுதான் மிச்சம்.

அந்த வருஷமோ தீட்டு. விடியற்காலைக் குளியல் இல்லை. பொங்கல் இல்லை, கடலை இல்லை, அவல் இல்லை. மாடியில் சாம்பிராணியும் இல்லை. வழக்கமாகச் சொல்கிற ஒரு காரணம்கூட மிச்சமில்லாமல், புகையும் இழுப்பும் மட்டும் வந்து நின்றன.



அழித்த நாட்கள்

நாலைந்து நாள் கழித்து ஆபீஸுக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில் பூஜை நாளும் முன்னே பின்னே நாட்களும் வழக்கம்போல் வெறுமையாக இருந்தன. கோடு அந்த இடத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்து, ஒன்றுமே நடக்காததுபோல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனை எடுத்தேன்.

"மேடம், நாங்கள் இந்த வருஷம் சாம்பிராணி போடவில்லை."



"போடவில்லையா? அப்படியானால் அந்த எண்?"

சித்தப்பா செத்தது, தீட்டு, பள்ளம், ஆட்டோ, வார்டு எல்லாவற்றையும் கொட்டினேன். என் சிங்களம் நடுவில் காலை வாரியது, தமிழில் அழுதேன், மறுபடி சிங்களத்துக்கு வந்தேன். பழைய வருஷங்களை எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் மேடம் சொன்னார்.

சாயங்காலம் கூப்பிட்டார்.

"ரஞ்சிதம், நீங்கள் சாம்பிராணி காட்டுவது காலையில்தானே?"

"ஆமாம் மேடம், பத்து மணி போல."

"ஒவ்வொரு வருஷமும் முந்தின நாளே ஏறத் தொடங்கியிருக்கிறது. உங்கள் சாம்பிராணி அதன் மேல் ஒரு சின்ன முள் மாதிரித்தான் நிற்கிறது. நான் ஒரு தடவைகூட மணி வாரியாகப் பார்க்கவில்லை. பூஜை என்றால் அழித்துவிடுவது என்று பழகிவிட்டது."

அவர் அழித்த நாட்களெல்லாம் என் மகள் மூச்சுக்குத் தவித்த நாட்கள். வருஷம் வருஷமாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி அதையும் பார்த்துத்தான் இருக்கிறது. பார்த்ததைச் சொல்லியும் இருக்கிறது. எங்கள் சாமி புகைதானே என்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதன் வாயை மூடியிருக்கிறோம்.

அழித்ததைத் திரும்பப் போடமுடியுமா என்று கேட்டேன். அந்த வருஷத்தைப் போட்டுவிடலாம் என்றார். பழைய வருஷங்களில் சாம்பிராணி எவ்வளவு, பள்ளத்துப் புகை எவ்வளவு என்று கேட்பார்கள், பிரித்துச் சொல்லமுடியாது. ஒரு வருஷத்தை மட்டும் வைத்து யாரிடமும் பேசமுடியாது, அது தற்செயல் என்பார்கள்.

"சாம்பிராணி இல்லாத வருஷம் குறைந்தது இன்னும் இரண்டு வேண்டும், ரஞ்சிதம்."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் வேலை அப்படி. ஆனால் இன்னும் இரண்டு வருஷம் என்றால் என்ன? இன்னும் இரண்டு தடவை அந்தப் பள்ளம் எரியவேண்டும். இன்னும் இரண்டு தடவை துர்க்காவும் அந்தக் கைக்குழந்தையும் முகமூடி மாட்டிப் படுத்திருக்கவேண்டும். போனை வைத்த பிறகு எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வருஷத்தில் ஒரு நாள்தானே

நான் சும்மா இருக்கவில்லை. ராமரின் கராஜுக்குப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பிளேன் டீ வாங்கிக் கொடுத்து, முழுசாகக் கேட்டார். தாரணியைப் பற்றிச் சொன்னபோது கண் கலங்கினார். அவர் மகனும் அவளும் ஒரே வகுப்பு.

"நெசமாவா அக்கா? பாவம் புள்ள" என்றார். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஆனா பழச வச்சிக்கிட்டு எப்படிப் பூஜ போடுறது? எங்கதான் கொண்டு போறது, சொல்லுங்க? வருஷத்துல ஒரு நாள்தானே."

தையல் கடையிலும் அதையே சொன்னார்கள். ஹோட்டலிலும் அதையே. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் வருஷத்தில் ஒரு நாள்தான். எல்லாருடைய ஒரு நாளும் ஒரே நாளாக இருப்பதுதான் தொல்லை.

இதை எழுதுகிற வாரம் மறுபடியும் பூஜை வருகிறது. நேற்று ஆபீஸுக்கு வரும்போது கராஜ் வாசலைப் பார்த்தேன். பழைய டயர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எனக்கு நடுரோட்டிலேயே மூச்சு அடைத்தது, இழுப்பே இல்லாத எனக்கு.

தாரணியைப் பூஜைக்கு முந்தின நாள் காலை ரயிலிலேயே பட்டிப்பொலவில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டார். இந்த வருஷம் பஸ்ஸுக்கு எத்தனை மார்க் என்று அவர் கேலி பேசுவதும் இல்லை. துணி அடுக்கும்போது தாரணி கேட்டாள்:

"அப்ப துர்க்கா எங்கம்மா போவா?"

அவள் ஸ்வெட்டரைப் பிரித்து, மறுபடி மடித்தேன்.

இன்று காலை மாடியில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தோனி அண்ணன் ஏறி வந்தார். ஒரு கையில் சிரட்டைக் கரி, இன்னொரு கையில் புது சாம்பிராணிப் பாக்கெட். பரணிலிருந்து தூபக்காலையும் இறக்கிக் கழுவி வைத்துவிட்டாராம்.

"தீட்டுத்தான் கழிஞ்சிருச்சே தங்கச்சி. போன வருஷத்துக்கும் சேத்து இந்த வருஷம் ஜோரா காட்டிருவமா?"

"வேணாம் அண்ணே."

"ஏன்? மெஷினு ரெண்டு வருஷமா பொட்டு இல்லாம நிக்கிறதா?"

"நம்ம காட்டுனோம்னா, புள்ளைங்க மூச்சு முட்டுற நாள மறுபடியும் நம்ம பொகன்னு அழிச்சிருவாங்க."

அவர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். வந்து என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார்.

எண் இன்னும் ஏறத் தொடங்கவில்லை.